நர்கீஸ் சொன்ன ஊர்

எரியோட்டுச் சந்தையில் சைதூன் வெங்காயம் பொறுக்கக் குனிந்து நிமிர்ந்த நேரத்தில் அவளுடைய மகள் நர்கீஸ் காணாமல் போனாள்.

சந்தைக்கு வந்திருந்த முஸ்லிம் பெண்கள் எல்லாரும் அவளைப் போலவே வெள்ளைத் துப்பட்டி போர்த்தியிருந்தார்கள். ஆறு வயதுப் பிள்ளை, விட்ட கையைத் தேடித் திரும்பியபோது பக்கத்தில் நின்ற ஒரு துப்பட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். துப்பட்டி நடந்தது, அவளும் நடந்தாள். பஸ்ஸில் ஏறியது, அவளும் ஏறினாள். சந்தைநாள் கூட்டத்தில் யார் பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. வையம்பட்டியில் இறங்கி அந்தப் பெண் திரும்பிப் பார்த்தபோதுதான் இருவரும் ஒருவருக்கொருவர் அந்நியம் என்று தெரிந்தது.

இதெல்லாம் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டவை. அன்று சைதூன் வெங்காயத்தைப் போட்டுவிட்டு, மாட்டுச் சந்தைக்கும் பஸ் நிற்கும் இடத்துக்கும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினாள். வெயில் தாழ்ந்து, வியாபாரிகள் சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும்வரை ஓடினாள். எரியோட்டில் வாக்கப்பட்டிருந்த அவளுடைய அக்கா வந்து கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ இப்பிடிக் கத்துனா எப்பிடி? யாராச்சும் பிள்ளைகிட்டப் பேரைக் கேட்டு, ஊரைக் கேட்டுக் கொண்டாந்து விட்டுருவாகடி."

அதைக் கேட்டதும் சைதூன் சந்தைப் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நர்கீஸிடம் யார் என்ன கேட்டாலும், அவள் சொல்லும் பதில் இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் விளங்கும். அந்த ஒருத்தி இங்கே உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளை பிறக்கும்போதே அண்ணத்தில் பிளவு இருந்தது. உதட்டிலோ மூக்கிலோ ஒரு குறையும் இல்லை. வாயைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். குடித்த பால் மூக்கில் வழிந்தது. முந்தின வருஷம் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் அதைத் தைத்து மூடினார்கள். அதன்பிறகு பால் மூக்கில் வரவில்லை. பேச்சு மட்டும் பழையபடி மூக்கிலேயே வந்தது. 'பால்' என்றால் 'மால்' என்று வரும். 'தண்ணி' 'நண்ணி' ஆகும். 'க'வும் 'ச'வும் தொண்டைக்குள்ளேயே அமுங்கிப்போகும். 'அம்மா' ஒன்றுதான் முழுசாக வரும். தகப்பனை 'அத்தா' என்று கூப்பிட நினைத்தால் 'அன்னா' என்று வரும். தைத்தால் பேச்சு வந்துவிடும் என்றுதான் அவர்கள் ஊரான பேகம்பூரில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். வராமல் போகவும், அல்லா விட்ட வழி என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

தகப்பன் அப்துல் சுக்கூர், தோல் பதனிடும் தோல் ஷாப்பில் ஆட்டுத் தோலுக்கு மயிர் களைகிறவர். சுண்ணாம்பில் ஊறிய தோலை மரத்தின்மேல் விரித்து, வளைந்த கத்தியால் மயிரை வழிக்க வேண்டும். அதிர்ந்து பேசாத மனிதர். மகளைத் தூக்குவார், மிட்டாய் வாங்கி வருவார். அவள் பேச ஆரம்பித்தால் மட்டும் எழுந்து போய்விடுவார். வீட்டுக்கு வந்தவர்கள் யாராவது பிள்ளையிடம் பேச்சுக் கொடுத்தால், "அதுக்குப் பேச வராது" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

தகவல் தெரிந்ததும் அவர் எரியோட்டுக்கு ஓடிவந்தார். கூட வேலை செய்கிறவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். கிணறுகளுக்குள் ஆள் இறக்கிப் பார்த்தார்கள். ஒவ்வொரு கிணற்றுக்குள்ளும் ஆள் இறங்கும்போது சைதூன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பாள். மேலே வந்தவன் இல்லை என்று கையை ஆட்டுவான். அவளுக்கு உயிர் வரும். அடுத்த கிணறு வரும். போலீஸில் சுக்கூர் மட்டும் போய் எழுதிக் கொடுத்தார்.

நாட்கள் போயின. சைதூனுக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது பிள்ளையைப் பார்த்து, உன் பேர் என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பது போலவும், இவள் பதில் சொல்லச் சொல்ல அவர்கள் சிரித்துக்கொண்டே நகர்வது போலவும் அவளுக்குத் திரும்பத் திரும்பத் தோன்றியது.

உண்மையில் யாரும் சிரிக்கவில்லை. வையம்பட்டியில் அந்தப் பெண் பரிவாகத்தான் கேட்டிருக்கிறாள்.

"எந்த ஊரும்மா நீயி?"

நர்கீஸ் பேகம்பூர் என்றாள். அது 'மேஅம்மூர்' என்று வந்தது.

"மேலூரா?"

தான் சொல்வது யாருக்கும் விளங்காதபோது நர்கீஸ் தலையாட்டிவிடுவாள். ஆட்டினால் கேட்கிறவர்கள் விட்டுவிடுவார்கள். அன்றும் ஆட்டினாள்.

"அத்தா பேரு?"

சுக்கூர் என்றாள். காற்று மூக்கில் போய் 'உஊர்' என்று வந்தது.

"யூசுப்பா?"

அதற்கும் தலையாட்டினாள்.

மணப்பாறை மாட்டுச் சந்தைக்கு வந்து மேலூர்ப் பக்கம் திரும்பிய ஒரு நல்ல குடும்பத்தோடு அவளை அனுப்பிவைத்தார்கள். மேலூரில் யூசுப் என்ற பெயரில் இருந்தவர்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்கு வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். யாருடைய பிள்ளையும் இல்லை. பள்ளிவாசலை ஒட்டிய ஒரு வீட்டில் சோறு போட்டு வைத்துக்கொண்டார்கள். முதலில் பிள்ளை ஓயாமல் ஊரைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். ஒவ்வொரு முறையும், "ஆமாம்மா, மேலூருதான், மேலூருலதான் இருக்க" என்று தேற்றினார்களாம். கொஞ்சநாளில் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

தோல் ஷாப்புக்காகப் பதனிடாத பச்சைத்தோல் வாங்க மேலூருக்குப் போன நூர் முகமதுதான் அவளைக் கண்டார். தோல் ஷாப்புக்கு மத்தியானச் சோறு கொண்டுவரும் தாயோடு அந்த முகத்தைப் பார்த்திருக்கிறார். லாரியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துப் பேகம்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

சைதூன் மகளை மடியில் போட்டுக்கொண்டு உடம்பெல்லாம் தடவிப் பார்த்தாள். ஒரு காயம் இல்லை. "அம்மான்னு சொல்லு, தங்கம். ஒரு தடவ சொல்லு." பிள்ளை அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை.

நூர் முகமது வாசலில் நின்று சுக்கூரிடம் பேசிக்கொண்டிருந்தார். "ஏன் பாய், இங்கருந்து போன தாக்கல் மேலூருக்கும் வந்துருக்கே. ஊமைப் பிள்ளை ஒண்ணக் காணோம்னு. அவுக, எங்ககிட்ட இருக்கது ஊமையில்லையே, பேசுற பிள்ளையாச்சேன்னு விட்டுருக்காக. யாரு ஊமைன்னு சொன்னது?"

உள்ளே சைதூனின் காதில் அது விழுந்தது.

ஆள் போனபிறகு அவள் எழுந்து வந்தாள். "ஊமைன்னா எழுதிக் குடுத்தீக?"

"சைதூன்..."

"அவ அங்க வாய் ஓயாம ஊரச் சொல்லிக்கிட்டு இருந்துருக்கா. நீங்க ஊமைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கீக."

"வேற என்ன சொல்லச் சொல்ற? மூக்குல பேசும், பெத்தவனுக்கே வெளங்காதுன்னு சொல்லவா? அத்தன பேரு நிக்கிறாக அங்க." அவருடைய குரல் உடைந்தது. "வாய்ல வரல சைதூன். ஊமைங்கிறதுதான் வந்துச்சு."

சைதூன் அவரிடம் சண்டை போடவில்லை. சண்டை போடத் தெம்பில்லை. "நாளைக்கு நான் மவுத்தாயி மண்ணுக்குள்ள போயிட்டா இவ நெசமாவே ஊமைதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் மகளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனாள். தைத்த டாக்டரம்மா பிள்ளையின் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"ஆபரேஷன் நல்லா ஆறியிருக்கும்மா. ஓட்டை மூடியாச்சு. ஆனா காத்து இத்தனை வருஷம் மூக்கு வழியாவே போய்ப் பழகிடுச்சு. வாய் வழியா விடணும்னு பிள்ளைக்குத் தெரியல. அதைப் பழக்கணும்."

"மருந்து எதுவும் இருக்காம்மா?"

"இதுக்கு மருந்து கிடையாது." அவர் துளிப் பஞ்சைக் கிள்ளித் தன் உள்ளங்கையில் வைத்து வாய்க்கு நேரே பிடித்தார். 'ப' என்றார். பஞ்சு பறந்தது. "இதுதான் மருந்து. முதல்ல 'ப'. மூக்கை லேசாப் பிடிச்சுக்கிட்டுச் சொல்லச் சொல்லுங்க, அப்புறம் விட்டுட்டு. தினமும் கொஞ்ச நேரம், விளையாட்டு மாதிரி. அழுதா நிறுத்திடணும். வீட்ல எல்லாரும் சேரணும். யாரும் கேலி பண்ணக் கூடாது. அவளுக்குப் பதிலா நீங்க பேசாதீங்க. அவங்க அப்பா வரலையா?"

"வேலைங்கம்மா."

"அடுத்த தடவை அவரும் வரணும்."

திரும்பும்போது ரயிலில் சைதூன் அந்த வார்த்தைகளை மனசுக்குள் ஓதிக்கொண்டே வந்தாள். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டாள். விளையாட்டு என்ற ஒரு வார்த்தை மட்டும் அவளிடம் தங்கவில்லை. கிணறு கிணறாக நின்றவளுக்கு எங்கிருந்து விளையாட்டு வரும்?

மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தாள். பஞ்சை வைத்து, "ப சொல்லு" என்றாள். பிள்ளை பஞ்சையே பார்த்தாள். மூக்கைப் பிடித்துச் சொல்லச் சொன்னாள். பிள்ளைக்கு மூச்சு முட்டியது, கையைத் தட்டிவிட்டாள். மத்தியானம் மறுபடி. சாயங்காலம் மறுபடி. பிள்ளை தூங்கி எழுந்தால் 'ப', குளிக்க வைத்தால் 'ப'. நர்கீஸுக்குத் தாயின் கையில் பஞ்சைக் கண்டாலே உதடு நடுங்க ஆரம்பித்தது.

வீட்டோடு இருந்த சுக்கூரின் அக்கா சர்புன்னிசாவுக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளைய ஏம்மா இந்தப் பாடு படுத்துற? வந்த பிள்ள உசுரோட வந்துச்சேன்னு இரு."

"அடுத்த தடவ தொலஞ்சாலும் வரும்னு நீங்க சொல்லுங்க மதினி, நான் விட்டுர்றேன்."

சர்புன்னிசா எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

ஒரு மத்தியானம் சைதூன் தட்டில் சோறு போட்டு, ஆணம் ஊற்றித் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். காலையிலும் பிள்ளை சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை. தட்டை நோக்கிக் கை நீட்டினாள்.

"பசிக்குதுன்னு சொல்லு. தாரேன்."

நர்கீஸ் தாயின் முகத்தைப் பார்த்தாள். ஊர் திரும்பியபின் முதல்முறையாக வாய் திறந்தாள். "மயி."

"மயி இல்ல. பசி. ப."

"மயி."

"ப! வாய் வழியா ஊது! ப!"

சைதூன் அவளுடைய மூக்கைப் பிடித்து அழுத்தினாள். பிள்ளை திமிறினாள். சைதூன் இன்னொரு கையால் அவளுடைய தாடையைப் பிடித்தாள். அவளுக்கே அவள் கை எவ்வளவு இறுகுகிறது என்று தெரியவில்லை. தட்டு கவிழ்ந்து ஆணம் பாயில் ஓடியது. பிள்ளை வீறிட்டபோது சைதூன் வாயிலேயே ஓர் அடி வைத்தாள். நகம் உதட்டில் கீறி ரத்தம் வந்தது.

ரத்தத்தைப் பார்த்ததும் அவளுடைய கை தானாகக் கீழே விழுந்தது. நர்கீஸ் தவழ்ந்து போய் மூலையில் இருந்த அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டாள்.

"தெரியாமப் பண்ணிட்டேன், தங்கம். இனிமே செய்ய மாட்டேன். வா." சைதூன் மூட்டை இடுக்கில் கையை விட்டாள்.

"போ!"

வார்த்தை வாயிலிருந்து வெடித்து வந்தது. மூக்கில் துளி காற்றுப் போகவில்லை.

சைதூனின் கை அப்படியே நின்றது. சத்தம் கேட்டு ஓடிவந்த சர்புன்னிசாவும் நிலைப்படியில் நின்றுவிட்டாள். "என்னடி சொன்னா? ப வந்துச்சேடி!"

"ஆமா மதினி. போங்கிறா." சைதூன் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வாய்வரை வந்து அழுகையாகத் திரும்பியது. "இம்புட்டு நாளும் இதுக்குத்தான கெடந்து சாகுறேன். வந்துருச்சு. என்னயப் போங்கிறா."

அன்றைக்குப் பிறகு நர்கீஸ் தாயின் கையால் சாப்பிட மறுத்தாள். அத்தைக்காரிதான் ஊட்ட வேண்டியிருந்தது. சைதூன் பக்கத்தில் வந்தால் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். சந்தையில் பிள்ளையைத் தொலைத்தபோதுகூட, திரும்பக் கிடைத்தால் போதும் என்று ஒரு நினைப்பு இருந்தது. இப்போது பிள்ளை வீட்டிலேயே இருந்தாள். கிடைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்த சுக்கூர் கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்ததும் சைதூன் எதிரே வந்து நின்றாள். "என்னால ஏலாதுங்க. என்னயப் பாத்தா அவளுக்குக் குலை நடுங்குது. நீங்க செய்யுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"எனக்கு மட்டும் என்ன தெரிஞ்சுச்சு? அடிக்கத்தான் தெரிஞ்சுச்சு." அவள் தரையைப் பார்த்தாள். "அவ பேசுனா எந்திரிச்சுப் போயிருவீகள்ல, அது மாதிரி போயிராம உக்காருங்க. அது போதும் மொதல்ல."

சுக்கூர் தன் கைவிரல் இடுக்கில் சுண்ணாம்பு தின்ற புண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுவிட்டு வந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். சுத்தமாக அலசிக் காயவைத்த ஆட்டு மயிர். பஞ்சைக் கண்டால் பிள்ளை அழுகிறாளே என்று கொண்டுவந்திருந்தார். மகளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொஞ்சம் மயிரை உள்ளங்கையில் வைத்து, 'ப' என்றார். வெற்றிலைச் சாறுதான் தெறித்தது. மயிர் அசையவில்லை. மறுபடி சொன்னார். மயிர் பறந்து அவருடைய தாடியிலேயே ஒட்டிக்கொண்டது. நர்கீஸ் வாயைப் பொத்தியிருந்த கையை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மூக்கைப் பிடி" என்றார்.

பிள்ளை தயங்கிப் பிடித்தாள். அவர் ஏதேதோ பேசினார். குரல் கொழகொழவென்று வந்தது. பிள்ளை சிரிக்கவில்லை. ஆனால் இன்னும் பேசட்டும் என்பதுபோல் மூக்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் சைதூன் கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள்.

அந்த வாரம் முழுவதும் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமும். சுக்கூர் நம்பிக்கை இழந்து, "நடக்காது சைதூன்" என்றார். அப்படிச் சொல்லிவிட்டும் மறுநாள் உட்கார்ந்தார். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ, ஒருநாள் பிள்ளை தானாகத் தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு 'ப' என்றாள். மயிர் பறந்தது. மூக்கை விட்டதும் பழையபடி 'ம' ஆகிவிட்டது.

அதிலிருந்து மூக்கைப் பிடிக்காமல் 'ப' சொல்ல மழைக்காலம் வரை ஆனது. சளி பிடித்தபோது அதுவரை பழகிய அத்தனையும் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து. தெருப் பிள்ளைகள் இவளைப்போல மூக்கில் பேசிக்காட்டினார்கள். அன்றைக்கு முழுக்க நர்கீஸ் வாய் திறக்கமாட்டாள். பிள்ளை ஒரு வார்த்தைக்குத் தத்தளிக்கும்போது அதை எடுத்துக்கொடுக்கச் சைதூனின் நாக்குத் துடிக்கும். எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது வாத்தியார் பேரைக் கேட்டார், இரண்டாம் தடவையும் கேட்டார், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து சுக்கூர் மயிர்ப் பொட்டலத்தை எடுத்துத் தெருவில் எறிந்தார். சர்புன்னிசாதான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து, தானே பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

மதுரைக்கு அடுத்தமுறை மூவரும் போனார்கள். டாக்டரம்மா சுக்கூரைப் பார்த்து, "'ப' நல்லா வருது. இனி 'த'வைப் பிடிங்க. 'க' ரொம்ப நாள் எடுக்கும், பொறுமையா இருங்க" என்றார். எவ்வளவு நாள் என்று சைதூன் கேட்டாள். தெரியாது என்று உண்மையைச் சொன்னார். முழுசாக வராமலேகூடப் போகலாம் என்பதையும் சொன்னார்.

தாயின் பக்கத்தில் படுக்கப் பிள்ளை எப்போதோ வந்துவிட்டாள். ஆனால் தாயின் முன்னால் மட்டும் 'ப' சொல்வதில்லை. சைதூன் அதைக் கேட்கவும் இல்லை.

ஒரு காலையில் சைதூன் பால் வாங்கிக்கொண்டு கொல்லை வழியாக வீட்டுக்குள் வந்தாள். முன்வாசலில் எதிர்வீட்டு பக்ருன்னிசாவின் குரல் கேட்டது.

"உங்கம்மா எங்க நர்கீஸு?"

சைதூன் பதில் சொல்ல வாயெடுத்தாள். பிறகு நின்றாள்.

"மால் வா'அ மோயிரு'உ" என்றாள் பிள்ளை.

"என்னம்மா? வெளங்கலையே."

நர்கீஸ் தலையாட்டுவாள், அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று சைதூன் நினைத்தாள். முன்வாசலில் சத்தமே இல்லை. பிறகு பிள்ளை மூச்சை இழுப்பது கேட்டது.

"பால். வா'அ. போயிரு'உ."

"பாலா? பால் வாங்கவா போயிருக்கு?"

"ம்."

"செரி, வந்தா நான் கேட்டேன்னு சொல்லு" என்று பக்ருன்னிசா செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனாள்.

சைதூன் பால் செம்போடு சுவரில் சாய்ந்து நின்றாள். மூன்று வார்த்தையில் இரண்டின் பாதி இன்னும் தொண்டைக்குள்தான் கிடந்தது. பேகம்பூர் வரவில்லை, சுக்கூர் வரவில்லை, தன் பேரே இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இந்த வருஷமாவது சேர்ப்பார்களா என்று தெரியாது. நர்கீஸ் உள்ளே ஓடிவந்து தாயைக் கண்டதும் திடுக்கிட்டு நின்றாள். கேட்டுக்கொண்டிருந்தாளோ என்று அவளுடைய கண் தாயின் முகத்தில் தேடியது.

சைதூன் ஒன்றும் கேட்காதவள்போல் அடுப்பைப் பற்றவைக்க உட்கார்ந்தாள். பிள்ளை கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பக்ருன்னிசா வந்து போனதைத் தானாகச் சொல்ல ஆரம்பித்தாள். அந்தப் பெயர் அவளுக்கு மிகக் கடினம். சைதூன் விறகை ஊதாமல், அவள் முடிக்கும்வரை காத்திருந்தாள்.